உடல் வெப்பம்: எண்ணும் உண்மையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் இலக்கியம் பேசுவோர் பலர் உளர். இவ்வாண்டு என்னையும் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது நான் திகைத்தேன். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, தந்தையார் மறைவுக்குப்பின் இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவன் நான். பார்சல்களின் எடையும் கட்டணமும் எழுதிப் பழகிய கை இது. பாட்டை ஆராயும் புலமையும் எனக்கில்லை. மருத்துவம் கற்றவனும் அல்லேன். ஆயினும், காய்ச்சல் பார்க்கும் அந்தச் சிறு கருவி என் வாழ்வில் இரண்டு முறை எனக்குப் பாடம் புகட்டியது. அப்பாடத்தை நம் காலனியில் உள்ள ஒவ்வொரு குடும்பமும் அறிய வேண்டும் என்பது என் ஆசை. அதன் பொருட்டே உங்கள் முன் நிற்கின்றேன்.

முதற்பாடம் 2020-ஆம் ஆண்டில் கிடைத்தது. அந்த ஆண்டை நம்முள் எவரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச்சுத் திங்களின் இறுதியில் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. வண்டிகள் நின்றன. வேலை தேடி வெளியூர் வந்த இலட்சக்கணக்கான தொழிலாளர்கள் ஊர் திரும்ப வழியின்றித் தவித்தனர். மே முதல் நாளன்று தெலங்கானாவின் லிங்கம்பள்ளியிலிருந்து சார்க்கண்டின் ஹட்டியாவுக்கு முதல் தொழிலாளர் சிறப்பு வண்டி புறப்பட்டது. அதன்பின் பெங்களூர்ப் பகுதியிலிருந்தும் அத்தகைய வண்டிகள் சென்றன. நோய்க்குறி இல்லாதவர் என்று கண்டறியப்பட்டவரையே வண்டியில் ஏற்ற வேண்டும் என்பது அன்றைய விதி.

அப்படி ஒரு வண்டி புறப்பட்ட நாளில் நானும் நிலைய வாயிலில் பணியில் இருந்தேன். துப்பாக்கி போன்ற ஒரு கருவியை ஒவ்வொருவர் நெற்றிக்கும் நேரே பிடித்து எண்ணைப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பட்டப் பகல். நிழலில்லாத வெளியில் வரிசை நீண்டிருந்தது. கொத்தனார் வேலை செய்யும் ஓர் இளைஞர் வந்தார். அவர் மனைவியும் கைக்குழந்தையும் அவருக்கு முன்னே சென்று உள்ளே நின்றார்கள். கருவி அவர் நெற்றிக்கு நேரே 100.6 என்று காட்டியது. அவரைத் தனியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே சென்ற மனைவி திரும்பிப் பார்க்கிறார், குழந்தை அழுகிறது, இவர் கைகூப்புகிறார். வண்டி புறப்பட அரைமணி நேரமே இருந்தது.

அங்கே இருந்த முதிய செவிலித்தாய் ஒருவர் சற்றும் பதறவில்லை. “வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற நெற்றி இது, நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கட்டும்” என்றார். இருபது நிமிடம் கழித்து அவர் அக்குளைத் துடைக்கச் செய்து, வெப்பமானியை வைத்துப் பார்த்தார். 97.6 என்று இருந்தது. அந்த இளைஞரின் மூட்டையை நானே தூக்கிக்கொண்டு ஓடி, அவரை வண்டியில் ஏற்றிவிட்டேன்.

நலமாக இருந்த ஒருவரை நோயாளி என்று காட்டியது ஓர் எண். நாமும் பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்கள் அல்லவா? ‘அந்த அம்மையார் அன்று அங்கே இல்லாவிட்டால் அக்குடும்பம் என்ன ஆகியிருக்கும்?’ என்று நான் பல இரவுகள் எண்ணினேன். அன்றுதான் இந்த எண் எங்கிருந்து வந்தது, எவ்வளவு நம்பத்தக்கது என்று அறிந்துகொள்ளும் ஆவல் எனக்கு உண்டாயிற்று. நூலகங்களில் தேடிப் படித்தேன், மருத்துவர்களைக் கேட்டேன். அவ்வாறு அறிந்தவற்றைச் சுருக்கமாகக் கூறுகின்றேன்.

நாம் உண்ணும் உணவு உடலுக்குள் மெல்ல எரிகிறது. அதனால் வெப்பம் பிறக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஏறக்குறைய நூறு வாட் விளக்கு ஒன்றின் அளவுக்கு வெப்பத்தை இடைவிடாது வெளிவிடுகிறது. உள்ளே பிறக்கும் வெப்பமும் வெளியே செல்லும் வெப்பமும் சரியாக இருந்தால் உடல் ஒரு நிலையில் நிற்கும். இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் எழுத்தர் நம் மூளையின் அடிப்பகுதியில் இருக்கிறார். வெப்பம் மிகுந்தால் வியர்க்கச் செய்கிறார். குறைந்தால் நடுங்கச் செய்கிறார். நோய்க்கிருமி உட்புகும்போது, வேண்டிய அளவையே அவர் உயர்த்தி வைத்துவிடுகிறார். அந்தப் புதிய அளவுக்கு உடல் இன்னும் ஏறாத நேரத்தில்தான் நமக்குக் குளிர்கிறது, போர்வை கேட்கிறோம். ‘உடம்பு சுடுகிறது, ஆனால் குளிர் என்கிறானே’ என்று தாய்மார்கள் வியப்பதன் காரணம் இதுவே. ஆகவே காய்ச்சல் என்பது உடல் தன்னைக் காத்துக்கொள்ள மேற்கொள்ளும் ஒரு முறை. அது தானே ஒரு நோய் அன்று.

இந்த வெப்பத்தை எண்ணால் அளக்கும் முயற்சி 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் தோன்றியது. பதுவை நகர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிற்றிய சான்டோரியோ என்பவர், நோயாளியின் வாயில் வைத்துப் பார்க்கும் ஒரு கருவியை அமைத்தார். பின்னர் பாரன்ஹீட் என்னும் அறிஞர் 1714-இல் பாதரச வெப்பமானியைச் செய்தார். 1724-இல் தம் அளவு முறையை வெளியிட்டார். நலமுள்ள மனிதனின் வாயிலோ அக்குளிலோ உள்ள வெப்பத்தை அவர் 96 என்று வைத்தார் என்பது கேட்கச் சுவையான செய்தி. சுவீடன் நாட்டுச் செல்சியஸ் தம் நூறு பாகமுள்ள அளவு முறையை 1742-இல் அறிவித்தார்.

அப்படியாயின் 98.4 எங்கிருந்து வந்தது? செருமனியில் லைப்சிக் நகரின் மருத்துவப் பேராசிரியர் உண்டர்லிச். ஏறத்தாழ 25,000 நோயாளிகளிடம் அவர் எடுத்த அளவுகள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை என்பர். அந்தக் காலத்து வெப்பமானி ஓர் அடி நீளம் இருந்தது. அதை அக்குளில் கால்மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டும். அத்தனை பொறுமையோடு அளந்து 1868-இல் அவர் வெளியிட்ட நூலில், நலமுள்ள மனிதனின் சராசரி வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் என்றார். அதுவே பாரன்ஹீட் அளவில் 98.6. ஆங்கிலேயர் தம் வெப்பமானிகளில் 98.4 என்னும் இடத்தில் அம்புக்குறி இட்டனர். நம் வீட்டுக் கண்ணாடிக் கோல்களிலும் அந்த அம்பே குடியேறியது. நம் தாய்மார்களுக்கு 98.4 மனப்பாடம் ஆனது இவ்வாறுதான்.

ஆனால் உண்டர்லிச் ஒரே எண்ணை மட்டும் சொல்லவில்லை. நலமுள்ளவரிடமும் வெப்பம் காலையில் தாழ்ந்தும் மாலையில் உயர்ந்தும் இருக்கும் என்றார். மகளிர்க்குச் சற்று மிகுதி என்றும் முதியோர்க்குச் சற்றுக் குறைவு என்றும் எழுதி வைத்தார். பின்வந்த நாம் அந்த விளக்கத்தை எல்லாம் மறந்து, சராசரியை மட்டும் பிடித்துக்கொண்டோம். வகுப்பில் நாற்பது பிள்ளைகளின் சராசரி உயரம் நாலரை அடி என்றால், நாலே கால் அடிப் பையனை நோயாளி என்போமா? வெப்பத்தில் மட்டும் அப்படிச் செய்துவிடுகிறோம்.

உண்டர்லிச்சுக்கு அரை நூற்றாண்டு முன்னரே, நம் அண்டையில் இலங்கைத் தீவில் ஒருவர் இதே வேலையைச் செய்திருக்கிறார். அவர் பெயர் சான் டேவி. சுரங்கத் தொழிலாளர்க்குப் பாதுகாப்பு விளக்கை ஆக்கித் தந்த ஹம்ப்ரி டேவியின் தம்பி. 1816 முதல் 1820 வரை இலங்கையில் ஆங்கிலப் படையின் மருத்துவராக இருந்தார். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும்போதே உடன் வந்தவர்களின் நாவின் அடியில் வெப்பமானியை வைத்துக் குறித்துக்கொண்டே வந்தார். குளிர்ந்த கடலை விட்டு வெப்பமான கடலை அடைந்ததும் அவர்களுடைய உடல் வெப்பம் சிறிது உயரக் கண்டார். இலங்கையில் பலவகை மக்களிடமும் அளந்தார். இறைச்சியை உண்டு காட்டில் வாழும் வேடரிடமும், மரக்கறி உண்ணும் புத்தத் துறவியரிடமும் அளந்தார். ஒத்த நிலையில் வைத்து அளந்தால் எந்த இனத்தார்க்கும் உடல் வெப்பம் ஏறக்குறைய ஒன்றே என்பது அவர் கண்ட முடிவு. உணவு வேறு, நிறம் வேறு, மொழி வேறு. உள்ளிருக்கும் சூடு ஒன்று. பல மொழியாளர் கூடி வாழும் இந்தப் பெங்களூரில் இருந்து இதைப் படித்தபோது என் உள்ளம் மகிழ்ந்தது.

ஆகவே வேறுபாடு இனத்துக்கு இனம் இல்லை. ஆளுக்கு ஆள் உண்டு. வேளைக்கு வேளை உண்டு. இதை இக்கால ஆராய்ச்சி தெளிவாகக் காட்டியுள்ளது. 1992-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் மாக்கோவியக் என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும், நலமுள்ள 148 பேரிடம் வாயில் 700 முறை அளந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். சராசரி 98.2 என்று வந்தது. விடியற்காலை ஆறு மணிக்கு மிகக் குறைவு. மாலை நான்கு முதல் ஆறு மணி வரை மிக உயர்வு. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய ஒரு டிகிரி. நலமுள்ளவர்க்கு மேல் எல்லை 99.9 வரை செல்லலாம் என்றும் அவர்கள் கண்டனர். மாலையில் பள்ளி விட்டு ஓடி வந்த பிள்ளையின் வாயில் 99.2 இருந்தால், அது பெரும்பாலும் ஓட்டத்தின் சூடே. மகளிர்க்கு மாதச் சுழற்சியின் பிற்பாதியில் அரை டிகிரிக்கு மேல் உயர்தலும் இயற்கையே.

2020-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் மற்றொன்றைக் கண்டறிந்தனர். அமெரிக்க உள்நாட்டுப் போரின் வீரர்களுடைய பழைய பதிவேடுகள் முதல் நம் காலத்து மருத்துவமனைப் பதிவுகள் வரை ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட அளவுகளை ஒப்பிட்டனர். அந்நாட்டு மக்களின் சராசரி வெப்பம் பத்தாண்டுக்கு 0.03 டிகிரி செல்சியஸ் வீதம் குறைந்து வந்திருக்கிறது. காசநோய், பல்நோய் முதலிய நாட்பட்ட நோய்கள் குறைந்தமை அதற்குக் காரணமாகலாம் என்று அவர்கள் கருதினர். எனவே அம்புக்குறி இட்ட இடம் மாறாத எல்லைக்கல் அன்று.

நம் அடுகோடியில் தேசிய பால்வள ஆராய்ச்சி நிலையத்தின் தென்னகக் கிளை இருப்பதை நீங்கள் அறிவீர்கள். 1927-இல் பெங்களூரில் தங்கியிருந்தபோது காந்தியடிகள் அந்தப் பண்ணைக்குச் சென்று மாடு வளர்க்கும் முறையைக் கற்றார். பசுவின் இயல்பு வெப்பம் 101.5 டிகிரி அளவில் இருக்கும். மனிதனுக்கு அது காய்ச்சல். பசுவுக்கு அதுவே நலம். எண் மட்டும் தனித்து நின்றால் அதற்குப் பொருளில்லை; யாருடைய எண் என்று கேட்ட பின்னரே பொருள் பிறக்கும்.

இனி அளக்கும் முறையைப் பார்ப்போம். ஆங்கில மருத்துவர் ஆல்பட் என்பவர் 1860-களில் ஆறு அங்குல வெப்பமானியை அமைத்து, ஐந்து நிமிடத்தில் அளக்கும்படி செய்தார். நம் பெற்றோர் வைத்திருந்த கண்ணாடிக் கோல் அதன் வழிவந்ததே. அதன் குமிழுக்கு மேலே குழல் சற்று இடுங்கியிருக்கும். ஏறிய பாதரசம் தானே இறங்காமல் நிற்பது அதனால்தான். அளப்பதற்கு முன் உதறி இறக்குவதும் அதன் பொருட்டே.

இந்தக் கண்ணாடிக் கோலுக்குத் தமிழ்நாட்டில் ஒரு துயரக் கதை உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த பாண்ட்ஸ் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை, 1980-களில் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கீழ் வந்தது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. செய்து முடித்த வெப்பமானிகள் வெளிநாட்டுக்குச் சென்றன. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய பொருள் கிடங்கில் இருப்பதை ஊர்மக்களும் இயற்கைப் பாதுகாப்பு இயக்கத்தாரும் வெளிப்படுத்தினர். ஆலை மூடப்பட்டது. 2003-இல் கழிவின் ஒரு பகுதி கப்பலேற்றி அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. பாதரசத்தால் தம் உடல்நலம் கெட்டது என்று முன்னாள் தொழிலாளர்கள் பல்லாண்டுகள் முறையிட்டனர். நிறுவனம் அதை மறுத்தே வந்தது. இறுதியில் 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் ஓர் உடன்பாடு செய்துகொண்டது. எங்கோ ஒரு குழந்தையின் காய்ச்சலைப் பார்க்கும் கோலைச் செய்ய, நம் மலையில் நம்மவர் நச்சுக் காற்றை மூச்சிழுத்தனர் என்று அவர்கள் கூறிய குறையை நாம் மறத்தல் ஆகாது.

பாதரசத்தைக் குறைக்க 2013-இல் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியாவும் 2018-இல் சேர்ந்தது. உங்கள் வீட்டில் பழைய கண்ணாடிக் கோல் இருந்தால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். உடைந்துவிட்டால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். உருண்டைகள் சிதறிப் பரவும். பிள்ளைகளை வெளியே அனுப்பி, சன்னல்களைத் திறந்து, தடித்த அட்டையால் மெல்லத் திரட்டி, மூடியுள்ள குப்பியில் இடுங்கள். சாக்கடையில் கொட்டாதீர்கள்.

இப்போது கடையில் கிடைக்கும் மின் வெப்பமானி வீட்டுக்குப் போதுமானது. அதன் நுனியில் உள்ள சிறு பொருளின் மின்தடை வெப்பத்துக்கு ஏற்ப மாறுகிறது. அதைக் கருவி எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. ‘பீப்’ ஒலி வரும்வரை எடுத்துவிடாதீர்கள். வாயில் வைப்பதாயின் நாவின் அடியில், பக்கவாட்டில் வைத்து உதடுகளை மூட வேண்டும். சூடான காப்பியோ குளிர்ந்த நீரோ குடித்திருந்தால் அரைமணி நேரம் பொறுக்க வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு வாயில் வைக்க வேண்டா. அக்குளில் வைப்பதாயின் வியர்வையைத் துடைத்து, கையை உடலோடு அணைத்துப் பிடிக்க வேண்டும். அக்குள் அளவு வாயளவைவிட அரை முதல் ஒரு டிகிரி வரை குறைவாக இருக்கும். ஆசனவாய் அளவு அந்த அளவுக்கு மிகுந்திருக்கும். நீங்களே கூட்டியும் கழித்தும் சொல்லாமல், ‘அக்குளில் இவ்வளவு, இத்தனை மணிக்கு’ என்று மருத்துவரிடம் உள்ளபடி சொல்லுங்கள். நெற்றிக்கு நேரே பிடிக்கும் கருவி தோலிலிருந்து வரும் கதிரை அளக்கிறது. வெயில், வியர்வை, மின்விசிறிக் காற்று எல்லாம் அதைப் பிழைபடுத்தும். ஐயமிருந்தால் நிழலில் அமர்த்தி, மற்றொரு கருவியால் அளந்து பார்க்க வேண்டும். அந்த முதிய செவிலித்தாய் செய்தது இதைத்தான்.

பொதுவாக வாயில் 100-க்கு மேல், ஆசனவாயில் 100.4-க்கு மேல் இருந்தால் காய்ச்சல் என்று கொள்வர். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 வந்தால் வீட்டு மருந்து எதுவும் பாராமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வெயிலில் வேலை செய்தவருக்கு உடல் 104 அளவில் கொதித்து, மனம் தடுமாறினால் அது காய்ச்சல் அன்று, வெயிற்பிணி. அங்கே காய்ச்சல் மாத்திரை பயன்படாது. நிழலுக்குக் கொண்டுசென்று, உடலை நனைத்து, விசிறிக்கொண்டே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இவ்வளவும் நான் கற்ற பின்னரும், இரண்டாம் பாடம் எனக்கு எஞ்சியிருந்தது. அதைச் சொல்ல நாணுகிறேன், ஆயினும் சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், மார்கழியில் ஒரு நாள். எங்கள் அன்னையார் காலையில் காப்பியை வேண்டாம் என்று வைத்துவிட்டார். கோலமிட எழவில்லை. எதைக் கேட்டாலும் இரண்டாம் முறையே விடை வந்தது. என் மனைவி, “அத்தை நேற்றிலிருந்தே சரியாக இல்லை, மருத்துவரிடம் காட்டிவிடலாம்” என்றாள். நான் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். 98.8 என்று காட்டியது. நெற்றிக் கருவியை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் சொல்லும் நான், என் கையில் இருந்த எண்ணை நம்பினேன். “காய்ச்சலே இல்லை, பனிக்குச் சோர்ந்திருப்பார், கஞ்சி கொடு” என்று சொல்லிவிட்டுப் பணிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் விடியலில் அவர் என்னையே யார் என்று கேட்டார். மூச்சு வேகமாய் இருந்தது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். நுரையீரலில் சளிக்காய்ச்சல் முற்றியிருந்தது. இளம் மருத்துவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “இவருக்கு நலமாக இருக்கும்போது எவ்வளவு வெப்பம் இருக்கும்?” எனக்குத் தெரியவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் லைப்சிக் நகரத்தாரின் வெப்பம் எனக்குத் தெரியும். என்னைப் பெற்ற தாயின் வெப்பம் தெரியாது. தலைகுனிந்து நின்றேன்.

பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்து அவர் மீண்டார். வீடு திரும்பி நன்கு தேறிய பின், ஒரு வாரம் நாள்தோறும் அளந்தேன். காலையில் அவருக்கு 96.6, மாலையிலும் 97-ஐ ஒட்டியே இருந்தது. அப்படியானால் அந்தக் காலையில் நான் கண்ட 98.8 அவருடைய இயல்புக்கு இரண்டு டிகிரிக்கு மேல். அவர் காய்ச்சலில் கிடந்தார். அம்புக்குறி நலம் என்று சொல்லியது. நானும் அதை நம்பினேன். முதியோர் இல்லங்களில் உள்ளவர்க்கு, வாயில் ஒருமுறை 100-க்கு மேல், அல்லது பலமுறை 99-க்கு மேல், அல்லது தம் இயல்பினின்று இரண்டு டிகிரிக்கு மேல் உயர்ந்தால் காய்ச்சலாகக் கருத வேண்டும் என்பது அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்களின் வழிகாட்டு நெறி. முதுமையில் இயல்பு வெப்பமும் தாழும். நோயில் ஏறும் அளவும் குறையும். சில வேளை ஏறாமலே போவதும் உண்டு. ஆகவே முதியவர் உண்ண மறுத்தாலும், உணர்வு மங்கினாலும், மூச்சு வாங்கினாலும், எண் எதுவாயினும் மருத்துவரிடம் செல்வதே முறை.

முதல் முறை நலமுள்ளவரை நோயாளி என்று காட்டியது எண். இரண்டாம் முறை நோயாளியை நலமுள்ளவர் என்று காட்டியது. இரண்டிலும் கருவியின் பிழை சிறிது. ஆளைப் பாராமல் எண்ணை மட்டும் பார்த்தவரின் பிழை பெரிது.

என் தொழிலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். இருப்புப்பாதையும் வெயிலில் சூடேறும், நீளும், அளவு கடந்தால் வளைந்து வண்டியைக் கவிழ்க்கும். ஆகவே பாதை காப்போர் தண்டவாளத்தின் வெப்பத்தை அளப்பார்கள். ஆனால் நாடு முழுமைக்கும் ஒரே எண்ணை வைத்து அவர்கள் அபாயத்தை முடிவு செய்வதில்லை. பற்றவைத்த நீண்ட தண்டவாளம் ஒவ்வொன்றும் எந்த வெப்பத்தில் இழுவிசையும் அழுத்தமும் இன்றி அமைதியாக இருக்கும்படி பதிக்கப்பட்டது என்பதைக் குறித்து வைத்திருப்பார்கள். அந்தத் தன்னிலை வெப்பத்துக்கு மேல் 20 டிகிரி செல்சியஸ் ஏறினால், கோடைக் காவலர் அந்தப் பாதையில் நடக்கத் தொடங்குவர். இரும்புக்கே அதனதன் இயல்பைக் குறித்து வைத்துக் காவல் புரிகிறோம். வீட்டில் இருக்கும் தாய்க்கும் பிள்ளைக்கும் அவ்வாறு ஒரு குறிப்பு வைத்திருக்கிறோமா?

நோயாளியின் நிலை, நோயின் நிலை, பருவத்தின் நிலை ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்தே மருத்துவம் செய்ய வேண்டும் என்று திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் அறிவுறுத்தியிருக்கிறார். நான் இரண்டு அடிபட்டுக் கற்றதை அவர் இரண்டு அடியில் சொல்லிவிட்டார்.

ஆகவே இந்த ஆண்டு விழாவில் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வரும் வாரத்தில், வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும் நாளாகப் பார்த்து, நான்கு நாட்கள் அளந்து பாருங்கள். காலை எழுந்ததும் ஒரு முறை, மாலை ஐந்து மணி அளவில் ஒரு முறை. ஒரே கருவி, ஒரே இடம். தாத்தா, பாட்டி முதல் கடைக்குட்டி வரை ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, எதிரே அவரவர் எண்ணைக் குறியுங்கள். மளிகைக் கணக்கு எழுதும் குறிப்பேட்டின் கடைசிப் பக்கம் போதும். அதன் கீழே ஒரு வரி எழுதுங்கள்: ‘எண்ணைப் பார்க்கும் முன் முகத்தைப் பார்’ என்று. அந்தப் பக்கத்தை ஆண்டுக்கு ஒரு முறை, பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது புதுப்பித்துக்கொள்ளலாம். காலனியில் தனியே வாழும் முதியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு நம் இளைஞர்கள் சென்று அளந்து எழுதிக் கொடுத்தால், அதுவும் சங்கத்தின் தொண்டே ஆகும்.

எங்கள் வீட்டுக் குறிப்பேட்டில் முதல் வரி ‘அம்மா, 96.6’ என்பது. அந்த வரிக்கு உரியவர் இதோ இரண்டாம் வரிசையில் அமர்ந்து, மகன் எப்போது முடிப்பான் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். குளிர்ந்த காற்று அடிக்கிறது; அவரை வீட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.